மந்திர ஏட்டை ஆடிப்பெருக்கில் தண்ணீரில் விடலாமா?

பெரம்பூரில் தாத்தா வீட்டை இடித்துக் கட்டப் போகிறீர்கள். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் சிவப்புத் துணி சுற்றிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றும், அட்டை போன பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் நான்கும் கிடைத்திருக்கின்றன. "அது பேய் ஓட்டுகிறவர் வைத்திருந்த மந்திர ஏடு, கட்டைப் பிரித்தால் குடும்பத்துக்கு ஆகாது, ஆடிப் பதினெட்டு அன்று தண்ணீரில் விட்டுவிடு" என்கிறார் உங்கள் அத்தை. விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், பிள்ளைகள் அந்தப் பேய்க்கதைகளைப் படித்துக் காட்டச் சொல்லி நச்சரிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் உண்மையில் கேட்பது, கட்டைப் பிரிக்கலாமா, பிரித்தால் பாழாகாமல் எப்படிப் பிரிப்பது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரில் விட வேண்டாம். பிரிக்கலாம். ஆனால் இன்று ராத்திரியே வேண்டாம்.

அத்தை சொல்வது அவர் கற்பனை அல்ல, பழைய வழக்கம்தான். ஆனால் பாதி வழக்கம். ஓலைக்கு ஆயுள் உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்து நன்றாகப் பராமரித்த ஏடு இருநூறு, முந்நூறு ஆண்டு நிற்கும். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் படி எடுத்துவிடுவார். படியை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு, பழசைக் குப்பையில் போட மனம் வராது. எழுத்து கலைமகள் அல்லவா? ஆற்றிலோ அக்கினியிலோ சேர்த்தார்கள். அச்சு வந்தது, எழுத்தாணி பிடிக்கிறவர்கள் குறைந்தார்கள், படி எடுப்பது நின்றது. தண்ணீரில் விடுவது மட்டும் நிற்கவில்லை. உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நொந்துபோனதை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அங்கே சாத்திரம் சொன்னபடி செய்தோம் என்றுதான் சொன்னார்கள். படி எடுத்தார்களா என்று கேட்க ஆளில்லை. வடமொழிச் சுவடிகளின் முடிவில் ஏடெழுதுகிறவர்கள் சேர்க்கும் ஒரு சுலோகம் உண்டு. புத்தகமே வாய் திறந்து பேசுவதுபோல் இருக்கும்: எண்ணெயிலிருந்து என்னைக் காப்பாற்று, தண்ணீரிலிருந்து காப்பாற்று, தளர்ந்த கட்டிலிருந்து காப்பாற்று, மூடன் கையில் கொடுத்துவிடாதே. அத்தையிடம் பேச இது உதவும். தண்ணீர் வேண்டாம் என்று ஏடே கேட்டுக்கொள்கிறது.

அடுத்தது, அது மந்திர ஏடுதானா என்பது. நீங்கள் அனுப்பிய ஒரே படத்தில் துணியும் மேல் மரச்சட்டமும்தான் தெரிகின்றன, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் ஓரளவு தெரிந்துவிடும். முக்கோணம், அறுகோணம், கட்டம் கீறி உள்ளே ஓரெழுத்து ஈரெழுத்தாக அடைத்திருந்தால் அது சக்கரம், அதாவது மாந்திரிகம். பன்னிரண்டு வீடு கொண்ட சதுரம் திரும்பத் திரும்ப வந்தால் சாதகம். சுக்கு, திப்பிலி என்று சரக்குப் பெயர்களும் பலம், கழஞ்சு, வராகன் என்று எடைகளும் வந்தால் வைத்தியம். குழி, மா, காணி, கலம், மரக்கால் என்றால் நிலம், நெல் கணக்கு. இவை எதுவும் இல்லாமல் ஏடு ஏடாக ஓடினால் கதையோ பாட்டோ. வீட்டுப் பரண்களில் கிடைக்கும் கட்டுகளில் இவையெல்லாம் கலந்தும் இருக்கும். வைத்தியம் பார்த்தவரே தேள்கடிக்கும் குழந்தைக் கோளாறுக்கும் மந்திரித்தார். அவருடைய ஒரே கட்டில் கசாயமும் இருக்கும், காளி மந்திரமும் இருக்கும்.

மந்திரமாகவே இருக்கட்டும். மாந்திரிக நூல்களின் கணக்குப்படியே பார்த்தாலும், எழுத்தைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் எதுவும் நடப்பதில்லை. இத்தனை நாள் விரதம், இத்தனை ஆயிரம் உரு, இன்ன திக்கு, இன்ன பூசை என்று விதித்து, அத்தனையும் செய்தால்தான் சித்திக்கும் என்கின்றன அவை. பிரித்தாலே பலிக்கும் என்றால் அந்த விதிகளுக்கு வேலையே இல்லை. நூல்களைச் சுற்றி இப்படிப் பயம் எழுவது புதிதும் அல்ல. கருட புராணத்தைச் சாவு வீட்டில்தான் படிக்க வேண்டும், பாரதம் படித்தால் வீட்டில் கலகம் வரும் என்பார்கள். அதே பாரதத்தின் விராட பருவத்தைப் படித்தால் மழை பெய்யும் என்று ஊர்கூடிப் படிக்க வைத்தவர்களும் நம்மவர்களே. நூலுக்கு உயிர் இருப்பதாக நினைத்தார்கள். அந்த மரியாதையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பழைய கட்டைத் திறந்தவர்களுக்கு இருமலும் கண் எரிச்சலும் வருவது நிஜம். பல ஆண்டு பூஞ்சைத் தூள், பூச்சி எச்சம், இவற்றோடு முந்தைய தலைமுறை கரையானுக்காகத் தூவிய பூச்சிமருந்துப் பொடியும் உள்ளே இருக்கலாம். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் ஊதாதீர்கள், மோந்து பார்க்காதீர்கள். என்95 முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர், குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

இனி பிரிக்கும் முறை. மழை இல்லாத ஒரு காலை நேரம் போதும். ஆடி, ஆவணியில் சென்னையில் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் இடித்துக்கொண்டு வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேசையில் துவைத்த வெள்ளை வேட்டியை விரியுங்கள். பிரிக்கும் முன் துணி, முடிச்சு, சட்டம் எல்லாவற்றையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கயிற்றின் நுனியில் கிளிமூக்குப்போல் நறுக்கிய ஓலைத்துண்டு கோத்திருக்கலாம், அதைத் தொலைத்துவிடாதீர்கள். துளையில் குச்சியோ கம்பியோ செருகியிருந்தால் அது நாராசம், ஏடுகள் நழுவாமல் இருப்பதற்கு. துருப்பிடித்து இறுகியிருந்தால் இழுக்க வேண்டாம். கயிறு இற்றுப்போயிருந்தால் அதை உருவுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. உருவினால் முடிச்சும் நார்ப்பிசிறும் துளையைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டு ஏடுகளுக்கு நடுவில் தெரியும் இடத்தில் சின்னக் கத்தரியால் வெட்டி, துண்டு துண்டாக எடுங்கள். கயிறு போனால் புதுசு கோக்கலாம், துளை கிழிந்தால் அந்த ஏடு கட்டில் நிற்காது.

ஏடுகளை இருக்கிற வரிசையிலேயே எடுத்து வையுங்கள். இடது ஓரத்தில் தமிழ் எண்கள் இருக்கும்: க, உ, ங, ச என்று ஓடும். எண் தாறுமாறாக இருந்தாலும் இப்போது சரிப்படுத்தக் கூடாது, கலைந்த வரிசையே சில சமயம் துப்புக் கொடுக்கும். அரை அங்குல அகலமுள்ள மென்மயிர் ஓவியத் தூரிகையால் நடுவிலிருந்து இரு முனையை நோக்கி, நரம்போடு சேர்ந்து தூசியைத் தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் ஓலை நரம்புவாக்கில் பிளக்கும். ஈரத்துணி கூடவே கூடாது. இரண்டு ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தியை நுழைக்காதீர்கள். மேல்தோல் உரிந்து எழுத்தோடு வந்துவிடும். ஒட்டிய ஏடுகளை அப்படியே தனியாக வைத்துப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். அவர்கள் அளந்து ஈரம் ஏற்றி மெல்லப் பிரிப்பார்கள், வீட்டில் ஆவி காட்டிச் செய்கிற வேலை இல்லை அது.

எழுத்தே தெரியவில்லை, வெறும் ஓலை என்று முதலில் தோன்றலாம். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மை தங்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் விளக்குக்கரியையும் கோவையிலை, ஊமத்தையிலைச் சாற்றையும் தடவித் துடைப்பார்கள். கரி பள்ளத்தில் நிற்கும், மேலே உள்ளது போய்விடும். இதை நீங்கள் இப்போது செய்யாதீர்கள். பழைய ஓலையில் நுண் வெடிப்புகள் இருக்கும், கரி அதற்குள்ளும் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கைப்பேசியே போதும். அறை விளக்கை அணைத்து, ஓலைக்கு ஒரு பக்கமாக, மேசையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக ஒரு டார்ச்சை வையுங்கள். கீறல்கள் நிழல் விழுந்து கறுப்பாக எழும்பும். கைப்பேசி ஓலைக்கு நேர் மேலே இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். ஒரு அடிக்கு மேல் நீளம் என்றால் மூன்று படமாக, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எடுங்கள். ஓரத்தில் அளவுகோல் தெரியட்டும். முன், பின் இரண்டு பக்கமும் எடுத்து, கோப்புப் பெயரில் ஏட்டு எண்ணையும் பக்கத்தையும் போடுங்கள். பாட்டனார் காலத்தில் படி எடுக்க மாதக்கணக்கில் ஆனது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இணையத்தில் புல் எண்ணெய் தடவச் சொல்வார்கள். எலுமிச்சைப்புல் எண்ணெயைச் சுவடி நூலகங்களில் உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள், ஓலைக்கு நெகிழ்ச்சி தரும், பூச்சி அண்டாது. ஆனால் கீறி எழுதிய ஓலைக்கு மட்டும்தான். மையால் தீட்டிய கோடோ வண்ணமோ இருந்தால் கரைந்துவிடும். உங்கள் ஏட்டில் சக்கரங்களுக்கு வண்ணம் பூசியிருக்கலாம் என்பதால், யாராவது தெரிந்தவர் பார்க்கும்வரை எண்ணெய்ச் சீசாவைத் திறக்காதீர்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எப்போதுமே கூடாது. பிசுக்கேறி தூசியைப் பிடிக்கும், எலியையும் அழைக்கும். லேமினேஷன், செல்லோடேப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வாசிப்பது முதலில் திணறலாக இருக்கும். பெரும்பாலான ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும், துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே உருவம். சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள், செய்யுளையும் வரி பிரிக்காமல் ஓட்டிவிடுவார்கள். வாய்விட்டுப் படித்தால் காது கண்டுபிடித்துக் கொடுக்கும். கடைசி ஏட்டை முதலில் பாருங்கள். எழுதி முடித்த வருடம், மாதம், எழுதியவர், யாருக்காக எழுதினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வருடத்துக்குப் பெயர் மட்டும் போட்டிருந்தால் தலையைச் சொறிய வேண்டியதுதான். சித்திரபானு என்றால் 1822, 1882, 1942 எதுவாகவும் இருக்கலாம். கையெழுத்தும் ஓலையும் மற்றச் செய்திகளும் சேர்ந்துதான் ஒன்றைக் காட்டும். ஓலை கறுத்திருப்பதை வைத்து ஆயிரம் வருடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பரணுக்குக் கீழே விறகடுப்பு எரிந்திருந்தால் ஐம்பது வருடத்திலேயே கறுக்கும். உள்ளே இருக்கும் பாட்டு ஆயிரம் வருடத்ததாக இருக்கலாம், அதைத் தாங்கும் ஓலை அப்படி இராது.

பாதுகாப்பில் சென்னைக்காரர்களுக்கு எதிரி ஒன்றுதான், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவமழை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, பெட்டிக்குள் ஒன்று போடுங்கள். 50க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மழைக்காலத்தில் மட்டும் 100 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் வையுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். வெயில் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், அதிகம் காய்ந்தால் ஓலை நொறுங்கும். வசம்பை இடித்துத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைப்பது நல்ல பழக்கம், பொடியை ஓலைமேல் தூவக் கூடாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துவிடும். சாயம் போகாத பருத்தித் துணி போதும். கட்டு இறுக்கமாக இருக்கட்டும், நசுக்க வேண்டாம். தளர்ந்த கட்டில் ஏடுகள் வளைந்துகொள்ளும், அந்தச் சுலோகம் சொன்னது இதைத்தான்.

சரசுவதி பூசைக்கு அடுக்கில் தாராளமாக வையுங்கள். ஆனால் சந்தனம், குங்குமத்தை ஓலையிலோ புத்தக அட்டையிலோ இடாதீர்கள். ஒரு தாளில் இட்டு அதை மேலே வையுங்கள். ஈரச் சந்தனம் பூசி, அடுத்த வாரமே மழை தொடங்கி, சந்தனப் பொட்டைச் சுற்றியே பூஞ்சை வளர்ந்த புத்தகங்கள் இந்த ஊரில் ஏராளம். பூசையன்று படிக்கக் கூடாது, மறுநாள் விசயதசமியன்று எடுத்துப் படித்தே ஆக வேண்டும் என்ற வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். மழைக்கு முன்னால் வருடத்தில் ஒருநாள் எல்லாப் புத்தகத்தையும் இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வைக்கிறது அது. அதற்காகவே ஏற்படுத்தினார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பலன் என்னவோ அதுதான்.

பெரிய எழுத்துப் புத்தகங்கள்தான் உண்மையில் அவசரம். ஓலையைவிட அந்தக் காகிதம் சீக்கிரம் சாகும். மலிவான மரக்கூழ்த் தாள், உள்ளே அமிலம் சேர்ந்து பழுப்பேறி, மடித்தால் ஒடியும். பக்கங்களை முழுதாக 180 டிகிரிக்கு விரிக்காதீர்கள், 90க்குள் திறந்து இருபுறமும் துணியை முட்டுக் கொடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் அதன் கால்களை உள்பக்கமிருந்து மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகளில் பருத்தி நூலைக் கோத்துவிடுங்கள். முதுகுப் பசையைத் தின்னும் வெள்ளிப்பூச்சி தெரிந்தால் இரண்டு ஜிப் உறைகளில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுக்க உறையைத் திறக்காமல் விட வேண்டும், திறந்தால் புத்தகத்தின்மேல் நீர் கோத்துவிடும். இது அச்சுப் புத்தகத்துக்குச் சொன்னது, ஓலைக்கு வீட்டில் செய்ய வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளைச் சொல்லுங்கள். விக்கிரமாதித்தன் கதை அதில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வடமொழியில் வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில், தமிழுக்கு வந்ததும் வீட்டுக்கு வீடு இருக்கும் முருங்கைக்கு மாறிவிட்டது. பயம் கொல்லைப்புறத்திலேயே குடியேறிவிட்டது பாருங்கள். கதை கேட்கிறவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நம் வீட்டு முறை. வேதாளத்திடம் ராசா வாயே திறக்கக் கூடாது, திறந்தால் அது மரத்துக்குப் பறந்துவிடும். இந்த இரண்டையும் வைத்து விளையாடலாம். கதை முழுக்கப் பிள்ளைகளை ஊம் கொட்டவிட்டு, வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் மட்டும் வாயைப் பொத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று 'நீலி கதை' என்று பெயர் தெரிகிறதே, அது உங்களுக்குப் பக்கத்து ஊர்க் கதை. அரக்கோணம் ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் வரும் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடப்பது. தன்னைக் கொன்றவனைப் பழிவாங்கப் பேயாக வந்த நீலி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன்தான் என் புருசன் என்று சபையில் அழுகிறாள். அவனுடைய காப்பான வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று எழுபது வேளாளர் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக் கண்ணீர் என்று நாம் சொல்வது அந்த அழுகையைத்தான். சம்பந்தர் தேவாரத்திலேயே இதன் சாயல் இருக்கிறது, அவ்வளவு பழசு. இந்த நீலியைச் சமணர்கள் எடுத்துக்கொண்டு, முனிவரை மிரட்டப் போய் அவருக்கே மாணவியானாள் என்று 'நீலகேசி' பாடினார்கள். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்தது அது. நீலகேசிக்கு ஏடு கிடைத்தது, 1936இல் அச்சாயிற்று. குண்டலகேசியில் நமக்கு மிஞ்சியவை பத்தொன்பது பாட்டுகள். மற்றவை எந்த ஆற்றில் போயினவோ.

அசலை என்ன செய்வது? வீட்டில் ஈரமில்லாத இடம் இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், 1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. அச்சுப் புத்தகங்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள், கொடுத்தால் எழுத்தில் ரசீது வாங்குங்கள், படங்களின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். பழம்பொருள் வாங்குகிறேன் என்று வருகிறவரிடம் விற்க வேண்டாம். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, மதிப்புள்ள சுவடி 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றம்.

அத்தையின் மனமும் நோகக் கூடாது. ஆடிப்பெருக்குக்கு முன் எல்லா ஏட்டையும் படம் எடுத்துவிடுங்கள், படி எடுக்கும் பாதி அதோடு முடிகிறது. மறுபாதிக்கு, வெட்டியெடுத்த பழைய பருத்திக் கயிற்றையும், எழுத்தில்லாத ஓலைத் துணுக்குகளையும் பூவோடு சேர்த்து அத்தை கையாலேயே தண்ணீரில் விடச் சொல்லுங்கள். பூச்சிமருந்து படிந்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் துணுக்குகள் வேண்டாம், பூ மட்டும் போதும். பிறகு முதல் ஏடு, கடைசி ஏடு, நடுவில் ஏதாவது மூன்று ஏடுகளின் படங்களைப் போடுங்கள். தாழ்வான வெளிச்சத்தில், அளவுகோலோடு, இடது ஓர எண் தெரியும்படி. வைத்தியமா, மந்திரமா, கதையா என்று அப்போது சேர்ந்து படிக்கலாம்.